ஐந்து நாள் மௌனம்

2022 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. அலுவலகம் முடியும் நேரத்தில் மாமா அழைத்தார். திருச்சியில் அவருக்கு அச்சகம். ஈய எழுத்தைக் கோத்துத் தொழில் கற்றவர். பிறகு ஆஃப்செட் வாங்கினார். 2011-இல் சொந்த டொமைன், அதாவது இணையத்தில் தனக்கென ஒரு முகவரிப் பெயர், வாங்கி வலைத்தளமும் தொடங்கினார். கல்யாணப் பத்திரிகை ஆர்டர்களில் பாதி இன்று அந்தத் தளத்தின் வழியாகத்தான் வருகிறது.

"மாப்பிள்ளை, நம் டொமைன் இன்னும் 19 நாளில் காலாவதியாகிறதாம். 3,400 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். போன வருஷம் 1,200தான் கட்டினேன். கட்டிவிடட்டுமா?"

வேண்டாம் மாமா, வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வோம் என்றேன். என் வேலையே இந்தத் துறையைச் சார்ந்தது. பத்துப் பதினைந்து நிமிட வேலை, அதன் பிறகு ஐந்து நாள் காத்திருப்பு என்று எண்ணித்தான் சொன்னேன். அடுத்த பத்து நாட்களில் டொமைன் மாற்றத்தின் விதிமுறைகளை மறுபடியும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க வேண்டியதாயிற்று. படித்தவற்றையும் நடந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சொந்த டொமைன் வைத்திருக்கும் எவருக்கும் ஒரு நாள் இது தேவைப்படும்.

முதலில், யாரிடம் எதை வாங்குகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டாட் காம் என்று முடியும் பெயர்கள் எல்லாவற்றுக்குமான மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். அதைப் பதிவகம் என்போம். பதிவகம் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. இணையப் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்பிடம் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்கள்தான் விற்கின்றன. அவற்றுக்குக் கீழே மறுவிற்பனையாளர்கள். அவர்களுக்கும் கீழே, நம் தெருமுனையில் தளம் வடிவமைத்துத் தரும் பையன்கள். மாமாவின் டொமைன் இப்படி மூன்று கை மாறி வந்தது. அந்த மார்ச் மாதத்தில் ஒரு டாட் காம் பெயருக்கு ஓர் ஆண்டுக்கு பதிவு நிறுவனங்களிடம் வெரிசைன் வாங்கிய மொத்த விற்பனை விலை 8.39 டாலர், ரூபாயில் ஏறத்தாழ 640. மாமாவிடம் கேட்டது 3,400. இடையில் இருந்த தொகை யார் யாருக்குப் போயிற்று என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பதிவு நிறுவனத்தை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுகிறோமே, அதே ஏற்பாடுதான். 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வருகிறது. அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் எண் அங்கே போய்விடுகிறது. டொமைனுக்கு அந்தக் குறியீட்டின் பெயர் ஆத் கோடு. சிலர் இபிபி கோடு என்பார்கள். டொமைன் வேறு இடத்துக்குப் போகாதபடி போட்டிருக்கும் பூட்டைத் திறக்கப் பழைய நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், கோடை வாங்க வேண்டும், புதிய நிறுவனத்திடம் கொடுத்து ஓர் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் வீணாவதில்லை. மாற்றம் முடிந்ததும் காலாவதித் தேதியோடு ஓர் ஆண்டு கூடுகிறது. மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக்கூடாது என்பது மட்டுமே வரம்பு.

சனிக்கிழமை காலை மறுவிற்பனையாளரிடம் கோடு கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "புதுப்பித்தல் கட்டணம் நிலுவையில் உள்ளது. அதைச் செலுத்திய பிறகே கோடு தரப்படும்."

இந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஐகேனின் விதி இதற்கு நேர்மாறாக இருக்கிறது. முடிந்துபோன காலத்துக்கோ, நடப்புக் காலத்துக்கோ பாக்கி இருந்தால் பழைய நிறுவனம் மாற்றத்தை மறுக்கலாம். இனி வரப்போகும் காலத்துக்கான கட்டணத்தைக் கட்டவில்லை என்று சொல்லி மறுக்கக்கூடாது. மாமா நடப்பு ஆண்டுக்குப் பணம் கட்டி ரசீது வைத்திருந்தார். மறுவிற்பனையாளருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் இடையே ஏதாவது கணக்குத் தகராறு இருந்தால் அதையும் காரணம் காட்டக்கூடாது. டொமைன் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் பூட்டைத் திறக்க உரிமையாளருக்கு வழி கொடுத்திருக்க வேண்டும். உரிமையாளர் கேட்டால் ஐந்து நாட்காட்டி நாட்களுக்குள் பூட்டைத் திறக்க வேண்டும், கோடையும் கொடுக்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை எல்லாம் அந்த ஐந்தில் அடங்கும்.

மறுக்க நியாயமான காரணங்களும் உண்டு. மோசடி நடந்திருப்பதற்கு ஆதாரம் இருந்தால், நீதிமன்ற ஆணை இருந்தால், பெயருக்கு உரிமை கோரும் வழக்கு நடுவர்களிடம் இருந்தால், கேட்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்ற நியாயமான ஐயம் இருந்தால், உரிமையாளரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், புதிதாகப் பதிவு செய்து 60 நாள் ஆகவில்லையென்றால், அல்லது முன்பு ஒருமுறை மாறி 60 நாள் ஆகவில்லையென்றால் மறுக்கலாம். இவற்றில் எதுவும் மாமாவுக்குப் பொருந்தவில்லை.

மறுவிற்பனையாளரைத் தாண்டி மேலே இருந்த பதிவு நிறுவனத்துக்கே எழுதினேன். விதியின் வாசகத்தைக் குறிப்பிட்டு, மறுத்தால் ஐகேனின் புகார்ப் படிவத்தை நிரப்புவேன் என்றும் சேர்த்தேன். திங்கட்கிழமை பதில் வந்தது. மரியாதையான பதில்தான். கட்டணம் பற்றிப் பேச்சே இல்லை. "ஆத் கோடைப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டுமே அனுப்ப முடியும்" என்று எழுதியிருந்தார்கள்.

பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மாமாவின் பெயர்தான். முகவரி அச்சகத்தின் முகவரி. மின்னஞ்சல் மட்டும் 2011-இல் தளம் செய்து கொடுத்த பையனுடையது.

மாமாவை எப்படிக் குறை சொல்வது? அந்த நாளில் அவருக்கு மின்னஞ்சலே கிடையாது. பையனும் ஏமாற்றும் எண்ணத்தில் செய்யவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, தன் முகவரியை நிரப்பினான். நான் பார்த்த சிறு கடைகள், பள்ளிகள், கோயில் அறக்கட்டளைகள் பலவற்றின் டொமைன்கள் இப்படித்தான் இருக்கின்றன. சிலவற்றில் உரிமையாளர் பெயரே தளம் செய்தவரின் பெயராக இருக்கும்.

"அந்த மின்னஞ்சலைத் திருத்தி என்னுடையதைப் போட்டுவிடலாமே" என்றார் மாமா. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அங்கேதான் குழி இருக்கிறது. 2016 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, உரிமையாளரின் பெயர், நிறுவனப் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றில் ஒன்றைத் திருத்தினாலும் அது உரிமையாளர் மாற்றமாகக் கணக்கில் வரும். அப்படித் திருத்திய நாளிலிருந்து 60 நாட்களுக்கு டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. இந்த 60 நாள் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே விலகிக்கொள்ளும் வசதியைப் பதிவு நிறுவனம் தரலாம்; தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த நிறுவனம் தரவில்லை. மார்ச் 14 அன்று திருத்தியிருந்தால் மே மாதம் நடுவில்தான் பூட்டு விலகும். காலாவதித் தேதியோ மார்ச் 30. மின்னஞ்சலைத் திருத்திய அந்த நொடியில் 3,400 ரூபாய் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்திருக்கும்.

இந்த விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. திருடன் ஒருவன் கணக்கில் புகுந்தால் முதலில் மின்னஞ்சலை மாற்றுவான். அடுத்து டொமைனை வேறு நாட்டிலுள்ள நிறுவனத்துக்குக் கடத்துவான். 60 நாள் பூட்டு இருந்தால் கடத்துவதற்குள் பிடித்துவிடலாம். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு, பழைய மின்னஞ்சலைத் திருத்த நினைக்கும் நேர்மையான கடைக்காரரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. விதியை மறுஆய்வு செய்த ஐகேன் பணிக்குழுவே, திருத்தத்துக்குப் பிறகான இந்த 60 நாள் பூட்டை எடுத்துவிடலாம் என்றும், புதுப் பதிவுக்கும் மாற்றத்துக்கும் பிறகான பூட்டை 30 நாளாகக் குறைக்கலாம் என்றும், ஆத் கோடு 14 நாள் மட்டுமே செல்லுபடியாக வேண்டும் என்றும் பரிந்துரைத்திருக்கிறது. மூன்றுமே நல்ல பரிந்துரைகள் என்பது என் கருத்து. அன்று எங்களுக்கு அவை உதவவில்லை.

ஆக, பையனைக் கண்டுபிடிப்பது ஒன்றே வழி. அவனுடைய பழைய எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுக்க ஆளில்லை. நான் செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுத் திருச்சிக்குப் போனேன். அவனுடைய அப்பா உறையூரில் தையல் கடை வைத்திருந்தது மாமாவுக்கு நினைவிருந்தது. போனோம். கடை அங்கேயே இருந்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அச்சகத்து ஐயாவா? வாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மகன் கத்தாரில் இருக்கிறானாம். இரவு வேலை முடிந்து வந்துதான் பேசுவானாம்.

இரவு எட்டரை மணிக்கு அவரே அழைத்து இணைப்பைக் கொடுத்தார். பையனுக்கு எல்லாம் நினைவிருந்தது. "ஐயா, அந்த மெயிலை நான் திறந்தே ஆறு வருஷம் ஆகிறது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மீட்க வேண்டும் என்றால் ஊர் நம்பருக்குத்தான் ஓடிபி வரும்" என்றான். நெஞ்சு படபடத்தது எனக்கு. பயன்படுத்தாத சிம்மை நிறுவனம் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படிப் போயிருந்தால் கதை அன்றோடு முடிந்தது.

"ஊர் சிம் அப்பா போனில்தான் இருக்கிறது" என்றான். இரண்டாவது சிம்முக்கான இடத்தில் போட்டு, மகன் ஊருக்கு வரும்போது அதே எண் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தத் தையல்காரர் ஆறு ஆண்டாக விடாமல் ரீசார்ஜ் செய்து வந்திருக்கிறார். நாங்கள் அழைத்தபோது அடித்த மணி அந்தப் போனில்தான் அடித்திருக்கிறது. தெரியாத எண்களை அவர் எடுப்பதில்லையாம். ஓடிபி வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கத்தாரில் மெயில் பெட்டி திறந்தது.

மறுநாள் காலை பதிவு நிறுவனம் ஆத் கோடை அனுப்பியது. பையன் வேலை செய்யும் இடத்துக் கணினியில் அதைத் திறந்து, திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பதினாறு எழுத்து. படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. ஆங்கிலத்தில் சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் ஒரே குச்சியாகத் தெரிந்தன; பூஜ்யமும் ஓவும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. இரண்டு முறை தட்டச்சு செய்தேன், இரண்டு முறையும் தவறு என்று வந்தது. பலமுறை தவறாகப் போட்டால் சிக்கலாகும் என்ற பயம் எனக்கு.

"இங்கே கொடு" என்று மாமா கைபேசியை வாங்கினார். மேசை டிராயரிலிருந்து அச்சுப் பிழை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஈய எழுத்தை இடவலமாகத் திருப்பிப் படித்தே முப்பது வருஷம் பழகிய கண். "நாலாவது எழுத்துக்குக் கீழே அடிக்கட்டை இருக்கிறது பார், மேலே இடது பக்கம் சின்னக் கொடி. இது ஒன்று. பதினோராவது வெறும் குச்சி, பக்கத்திலுள்ள பெரிய எழுத்தைவிட ஒரு மயிரிழை உயரம். எல். கடைசி ஓ இல்லை, ஒடுங்கியிருக்கிறது, பூஜ்யம்." அவர் சொன்னபடி போட்டேன். ஏற்றுக்கொண்டது.

ஆத் கோடு வந்த வரலாற்றை இந்த இடத்தில் சொல்ல விரும்புகிறேன். மாமா அன்று மதியம் சாப்பிடும்போது கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான். "இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் என் கடையை எடுத்துக்கொண்டு போகலாமா?" என்று கேட்டார்.

1999 வரை டாட் காம் பெயர்களை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம்தான் பதிவு செய்தது. மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் போக வேறு இடமில்லை. அந்த ஆண்டு போட்டி திறக்கப்பட்டதும் வாடிக்கையாளர்கள் விலை குறைவான இடத்துக்கு நகரத் தொடங்கினார்கள். புதுப்பித்தல் பில் போலவே அச்சடித்த கடிதங்களைத் தபாலில் அனுப்பி, பணம் கட்டியவரின் டொமைனைச் சத்தமில்லாமல் தங்களிடம் இழுத்துக்கொண்ட நிறுவனங்களும் கிளம்பின. அதைச் சாக்காக வைத்துப் பழைய நிறுவனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. மாற்றக் கோரிக்கை வந்தால் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். பதில் வரவில்லையென்றால், "அவருக்கு விருப்பமில்லை" என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். யாருக்கு வரும் மின்னஞ்சல் எல்லாவற்றையும் படித்துப் பதில் போட நேரமிருக்கிறது? எத்தனையோ பேர் மாற முடியாமல் தவித்தார்கள்.

2004 நவம்பர் 12 அன்று ஐகேனின் புதிய மாற்றக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அது அந்த மௌனத்தின் பொருளையே திருப்பிப் போட்டது. உரிமையாளர் பதில் சொல்லவில்லை என்பதை மறுப்புக்குக் காரணமாகக் காட்டக்கூடாது. பழைய நிறுவனம் ஐந்து நாளில் பதில் சொல்லவில்லையென்றால் மாற்றம் தானாக நடந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து, 2005 ஜனவரி 15, சனிக்கிழமை, நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் டொமைன் காணாமல் போனது. 1989-இல் தொடங்கிய நிறுவனம் அது; அந்த நகரத்திலேயே பழமையான இணையச் சேவை நிறுவனம். விடிந்து பார்த்தால் உரிமை ஆஸ்திரேலியாவுக்கு மாறியிருந்தது, தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று காட்டும் பெயர்ச் சேவையகப் பதிவுகள் பிரிட்டனுக்குப் போயிருந்தன, மின்னஞ்சல்கள் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்களின் கடிதங்கள் எல்லாம் யாரோ ஒருவரின் சேவையகத்தில் விழுந்தன. பானிக்ஸ் தன்னிடமிருந்த டாட் நெட் பெயரைத் தற்காலிகமாகப் பயன்படுத்தச் சொல்லிச் சமாளித்தது. டொமைன் போய்ச் சேர்ந்த நிறுவனம் மெல்போர்னில் இருந்தது. வார இறுதியில் அங்கே உதவிக்கு ஆளில்லை. மெல்போர்னில் திங்கட்கிழமை விடிந்த பிறகுதான் பானிக்ஸுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

எல்லோரும் புதிய விதியைத்தான் திட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஐகேனின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. மெல்போர்ன் நிறுவனம், உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்கும் பொறுப்பைத் தன் மறுவிற்பனையாளரிடம் விட்டிருந்தது. மறுவிற்பனையாளர் ஒப்புதலே வாங்கவில்லை. விதியைப் பின்பற்றாமல் போனதுதான் கோளாறு. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அன்றைக்கு டாட் காம் பதிவகம் பழைய நெறிமுறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆத் கோடு கிடையாது. "ஒப்புதல் வாங்கிவிட்டேன்" என்று புதிய நிறுவனம் சொன்னால் பதிவகம் நம்ப வேண்டியதுதான். இன்று அப்படி வாய்ச் சொல்லை நம்புவதில்லை. கோடு சரியாக இருந்தால்தான் பதிவகத்தின் கணினி கோரிக்கையையே ஏற்கும். மாமாவுக்கு நான் சொன்ன பதில் இது: "ஆமாம் மாமா, அந்தப் பதினாறு எழுத்து இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். அதனால்தான் அது உங்கள் மெயிலுக்கு மட்டும் வர வேண்டும்."

பானிக்ஸ் சம்பவம் விட்டுச் சென்ற இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. 2012 முதல் ஒவ்வொரு பதிவு நிறுவனமும் அவசரத் தொடர்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும். டொமைன் கடத்தப்பட்டதாக வேறொரு பதிவு நிறுவனம் அந்த எண்ணுக்குச் சொன்னால், வார இறுதியானாலும் நான்கு மணி நேரத்துக்குள் மனிதர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். மெல்போர்னில் விடிவதற்காக நியூயார்க் காத்திருந்தது போல இன்னொருவர் காத்திருக்கக்கூடாது என்பதற்காக வந்த விதி.

இன்னொரு மாற்றம் 2018-இல் வந்தது. அதுவரை புதிய நிறுவனமும் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உரிமையாளரின் மின்னஞ்சல் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. முகவரி தெரியாதபோது யாருக்கு எழுதுவது? அந்தப் படி நடைமுறையில் இல்லாமல் போயிற்று. இப்போது மிஞ்சியிருக்கும் காவல் மூன்றே: பூட்டு, கோடு, பழைய நிறுவனம் அனுப்பும் ஐந்து நாள் கெடு மின்னஞ்சல்.

அந்தக் கெடு மின்னஞ்சல் புதன்கிழமை மாலையே கத்தாருக்குப் போய்விட்டது. பையன் பதறிப்போய் அழைத்தான். "அண்ணா, ரத்து செய்ய வேண்டுமானால் இந்தச் சுட்டியை அழுத்தவும், ஐந்து நாளில் பதில் வராவிட்டால் மாற்றம் நடக்கும் என்று எழுதியிருக்கிறது. என்ன செய்யட்டும்?"

"எதுவும் செய்யாதே தம்பி. அதைத் தொடவே தொடாதே."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "பெண் பார்க்கப் போன இடத்தில் மௌனம் சம்மதம் என்பார்கள். இங்கேயுமா?" என்றார். ஆமாம், இங்கேயும்தான். அந்த மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் வர ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்காகப் பலர் வாதாடியிருக்கிறார்கள். அதனால்தான் இன்று மறுவிற்பனையாளரின் தயவு இல்லாமல் ஒரு சிறு கடைக்காரர் வெளியே வர முடிகிறது.

அந்த ஐந்து நாள் முடிவதற்குள் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் இதில்தான் இடறி விழுகிறார்கள். பதிவு நிறுவனத்தை மாற்றினால் தளமோ மின்னஞ்சலோ கூடவே நகர்வதில்லை. அவை எந்தச் சேவையகத்தில் இருந்தனவோ அங்கேயேதான் இருக்கும். ஆனால் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவையகத்தைப் பழைய நிறுவனம் இலவசமாகக் கொடுத்திருந்தால், நீங்கள் போனதும் அதை நிறுத்திவிடலாம். தளம் திடீரென்று மறையும். மின்னஞ்சல் வருவது நிற்கும். மாமாவின் தளம் அந்த இலவசப் பெயர்ச் சேவையகத்தில்தான் இருந்தது. கோரிக்கை கொடுப்பதற்கு முன்பே அதிலிருந்த பதிவுகளை ஒன்று விடாமல் வேறோர் இடத்தில் எழுதி வைத்து, பெயர்ச் சேவையகத்தை அங்கே திருப்பிவிட்டேன். டாட் காம் பதிவகம் இந்தத் தகவலை இரண்டு நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே பழையதையும் புதியதையும் இரண்டு நாளாவது சேர்த்து ஓட விட வேண்டும். சித்திரையில் முகூர்த்தம் அதிகம். பங்குனி கடைசியில் பத்திரிகை ஆர்டர் குவியும். ஒரு நாள் தளம் நின்றாலும் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும்.

இங்கே சொன்ன விதிகள் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு உரியவை. நாட்டுப் பெயர்கள் அந்தந்த நாட்டின் கையில். இந்தியாவுக்குரிய டாட் இன் பெயர்களுக்கு நிக்சி அமைப்பு விதி வகுக்கிறது. அங்கும் ஆத் கோடு உண்டு. டாட் யூகே முற்றிலும் வேறு: கோடு எதுவும் இல்லை, பழைய நிறுவனமே டொமைனின் மேல் ஒட்டிய அடையாளச் சீட்டை மாற்றிப் புதிய நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டும். உறவினர் யாராவது லண்டனிலிருந்து அழைத்து ஆத் கோடு எங்கே என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

காலாவதிக்கு எவ்வளவு முன்னால் மாற வேண்டும் என்று கேட்பார்கள். தேதி தாண்டினாலும் டாட் காம் பெயர்களுக்குச் சில வாரங்கள் சலுகைக் காலம் இருக்கிறது, அதற்குள் மாறவும் விதி இடம் தருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் தளம் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. அதையும் தவறவிட்டால் மீட்புக் காலம் 30 நாள், அதற்கு அபராதம் போலப் பெருந்தொகை கேட்பார்கள். அதன் பிறகு ஐந்து நாள், பிறகு பெயர் பொதுவுக்குப் போய்விடும். நான் தெரிந்தவர்களுக்குச் சொல்வது இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள் என்றுதான்.

மார்ச் 21, திங்கட்கிழமை, மதியத்துக்கு முன் மாற்றம் முடிந்தது. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பதிவேட்டில் காலாவதித் தேதி 2023 மார்ச் 30 என்று மாறியிருந்தது. 60 நாள் கழித்து, எந்த அவசரமும் இல்லாத மே மாதத்தில், புதிய இடத்தில் மாமாவின் மின்னஞ்சலைப் பதிவேட்டில் சேர்த்தேன். மின் கட்டணம், சொத்து வரித் தேதிகளை எழுதி வைக்கும் நீண்ட நோட்டில் அந்த மின்னஞ்சல் முகவரியையும் தேதியையும் அவரே கையால் எழுதினார். மேலே "பெயர் வரி" என்று தலைப்புப் போட்டிருந்தார்.

அந்த வாரமே உறையூர் தையல் கடைக்கு ஐந்து பில் புத்தகம் அச்சாகிப் போயிற்று. கடைப் பெயருக்குக் கீழே இரண்டு கைபேசி எண்கள். இரண்டாவது, கத்தார்ப் பையனுடையது. அதைச் சேர்க்கச் சொன்னது அவன் அப்பா. பணம் கொடுக்க வந்தவரிடம் மாமா வாங்கவில்லை.